சமமாக இருந்தால்

மின்விசிறியை அணைத்துவிட்டுத்தான் போரை ஆரம்பிக்க முடியும்.
இல்லையென்றால் கும்பினிப் படை மொத்தமும்
கௌரம்மாவின் கட்டிலுக்கடியில் போய் விழும்.
மே மாதம். பழையபேட்டை, மூன்றாம் மாடி.
ஜன்னலில் சையத் பாஷா மலை.
பலகையிலும் அதே மலை:
பழுப்பு அறுகோணம், உயரம் மூன்று,
தற்காப்புக்கு இரண்டு கூடுதல்.

பாராமகால் முழுவதும் இரண்டு தலையணை அகலம்.
பெண்ணாகரத்தில் ஒரு குதிரைப்படை தொலைந்துபோய்
அதன் இடத்தில் புளியங்கொட்டை நிற்கிறது,
போன வாரம் நன்றாகவே சண்டை போட்டது.
நான் கோட்டைகளின் பக்கம்.
எதிரே யாரும் இல்லை.
எதிரே நாற்பது அட்டை,
லாங்சைஸ் நோட்டில் நானே தமிழில் எழுதிய விதிகள்.

விதி என்றால் கௌரம்மா நெற்றியைத் தொட்டுக்கொள்கிறாள்.
அந்த விதி இல்லை அக்கா,
இதற்கு எண் இருக்கிறது, ஏழு புள்ளி மூன்று.
பக்கத்துக் கோட்டையில் காவல் குறைவா, அங்கே நட.
தானியம் இரண்டுக்குக் கீழே போனதா, ஊரைக் கொளுத்து.
கொளுத்துவது நான்.
அதற்குக் கை கிடையாது, என் கையைத்தான் எடுத்துக்கொள்கிறது.
ஜகதேவிக்குப் பக்கத்தில் பெயர் அச்சிடாத ஒரு ஊர்மேல்
சிவப்பு வட்டத்தை வைத்தேன்,
விளிம்பு சரியாகப் பொருந்துகிறதா என்றுகூடப் பார்த்தேன்.

பகலில் சுங்கச்சாவடி, ஆறாம் பாதை.
டேக் படிக்கவில்லையா, இரண்டு மடங்கு.
கும்பிட்டாலும் இரண்டு மடங்கு, கத்தினாலும் இரண்டு மடங்கு.
இன்றைக்கு ஒரு நாமக்கல் லாரிக்காரர்
நோட்டுகளை ஒவ்வொன்றாக எண்ணி நீட்டிவிட்டு
கண்ணாடிக்குள் குனிந்து கேட்டார்:
"உள்ள ஆள் இருக்கா?"
ரசீதைக் கொடுத்தேன்.

பதினோராவது சுற்று.
ஓசூர் பக்கம் போகும் வண்டிகள் தூரத்தில் கியர் மாற்றுகின்றன.
அட்டையைத் திருப்பினேன்: மலையேறு, இழப்பைப் பார்க்காதே.
எந்த மலை?
கிருஷ்ணகிரியில் காவல் மூன்று, ராயக்கோட்டையில் காவல் மூன்று.
தூரமும் ஒன்று, மதிப்பும் ஒன்று.
நோட்டைப் புரட்டினேன். ஏழு புள்ளி ஒன்பது:
இரண்டும் சமமாக இருந்தால்
உனக்கு எது அதிகம் வலிக்குமோ, அதன்மேல் பாயும்.

நஷ்டம் என்றுதான் புத்தகத்தில் இருந்திருக்க வேண்டும்.
வலி என்று எழுதி வைத்தவள் நான்.

கிருஷ்ணகிரி என்று சொல்லலாம்.
இங்கேதான் வாடகை, சம்பளம், டேங்கர் தண்ணீர்,
காலை இட்லிக்கு ஒரு கடை.
அட்டைக்குத் தெரியவா போகிறது?
பொய் சொல்லி ஏமாற்ற எதிரே ஒரு முகமாவது வேண்டும்.
விரல் கிருஷ்ணகிரி பக்கம் போய்த் திரும்பி வந்தது.

ராயக்கோட்டையில், ரயில் கேட்டைத் தாண்டி,
பச்சை கிரில் போட்ட ஒரு வீடு.
என் தங்கை செண்பகவல்லி இருக்கிறாள்.
இரண்டு வருடமாக என் எண்ணிலிருந்து போனால் ஒரே ஒரு மணி,
அத்தோடு கட்.
காரணம் ஒரு நகைச்சீட்டு, அதற்குமேல் நான் பேசிய பேச்சு.

சரி. ராயக்கோட்டை.

கௌரம்மா விழித்துவிடக் கூடாதென்று
பகடையைத் துண்டுமேல் உருட்டி, டம்ளரால் மூடித் திறப்பேன்.
எதிரிக்கு ஐந்து வேண்டும்.
அதற்காக உருட்டினேன், ஒழுங்காக உருட்டினேன்.
இரண்டு.

ஏறியவர்கள் உருண்டார்கள். கோட்டை நின்றது.
மைசூர்க் கொடி அப்படியே இருக்கிறது.
நான் ஜெயித்த சுற்று இது,
ஏனோ மறுபடி உருட்டலாமா என்று கை போனது,
அதற்காகவா, எனக்காகவா, தெரியவில்லை.

"யாரு ஜெயிக்கிறா?" சுவர்ப் பக்கம் திரும்பியபடியே கௌரம்மா.
முற்றுகைக்கா அக்கா, என்றேன்.
"விசிறியப் போடு."

ஆறு மணிக்கு ஷிப்ட்.
பலகையை மடிக்கக் கூடாது, முற்றுகை நடக்கிறது.
கும்பினிப் படைமேல் சாதத் தட்டைக் கவிழ்த்தேன்,
ராயக்கோட்டைமேல் டம்ளரை.
பிறகு சுவிட்சைப் போட்டேன்.
பெண்ணாகரத்தில் புளியங்கொட்டை மட்டும்
காற்றுக்கு அசையாமல் நின்றது.